அமர்த்தலும் அடக்கலும்
பிள்ளைகளை வாய் மூடச் சொல்லும் மொழிகள் பற்றிய ஓர் ஆய்வு

தமிழிலக்கியம் குழந்தையின் பேச்சைப் போற்றிய இலக்கியம். திருவள்ளுவர் மக்கட்பேறு கூறும் அதிகாரத்தில் மழலையைக் குழலுக்கும் யாழுக்கும் மேலாக வைத்தார். பாண்டியன் அறிவுடைநம்பி, சோற்றை அளைந்தும் சிதறியும் பெற்றோரை மயக்கும் சிறு மக்கள் இல்லாதார்க்கு வாழ்நாளின் பயன் இல்லை என்னும் கருத்தைப் புறநானூற்று 188-ஆம் பாட்டில் நிறுவினான். பிள்ளைத்தமிழ் என்னும் நூல்வகை குழந்தையின் அசைவையும் ஒலியையும் பத்துப் பருவங்களாக வகுத்து மகிழ்வது. ஆயின், இவ்வாறு போற்றப்பெறும் அதே ஒலியை ஒவ்வோர் இல்லத்திலும் நாள்தோறும் பலகால் நிறுத்தும் சொற்களும் உள. அவற்றை ஆராய்ந்தார் அரியர். மழலையைப் போற்றிய சொல்லை நூலில் ஏற்றிய நாம், அதனை நிறுத்திய சொல்லைத் திண்ணையிலும் அடுக்களையிலும் விட்டுவிட்டோம்.

பெற்றோர் பிள்ளையைப் பேசாதிருக்கச் சொல்லும் மொழிகளுள் இன்சொல் எது, வன்சொல் எது, அவ்வேறுபாடு எதனால் அமைகிறது என்பதே ஈண்டு எடுத்துக்கொண்ட வினா. மதுரையை அடுத்த திருவாதவூர் வட்டாரத்து வழக்கை அடிப்படையாகக் கொண்டு இதனை ஆராய்வோம். அவ்வூரைத் தெரிந்ததற்குக் காரணம் உண்டு. திருவாதவூர் மாணிக்கவாசகர் பிறந்த ஊர். கபிலர் பிறந்ததும் அவ்வூரே என்பது மரபு. பேச்சும் பேசாமையும் பற்றிய தொன்மையான சிந்தனை ஒன்று அவ்வூர்ப் பெயரோடு இணைந்துள்ளது. அதனை இறுதியிற் காண்போம்.

1. சொற்றொகுதி

மேலூரை அடுத்துப் பெரியாற்றுப் பாசன வயல்களுக்கிடையே அமைந்த ஊர் திருவாதவூர். அவ்வூரிலும் மதுரைச் சமவெளியிலும் வழங்கும் மொழிகளை அவற்றின் பொருள் நோக்கி ஐந்தாக வகுக்கலாம்.

முதல்வகை, இருக்கும் நிலையைக் கூறுவது: 'சும்மா இரு', 'பேசாம இரு', 'கம்முனு இரு'. இவற்றில் வினை 'இரு' என்பதே. பிள்ளையிடம் ஒன்றைச் செய் என்றோ செய்யாதே என்றோ கூறாது, ஒரு நிலையில் இருக்குமாறு கூறுவன இவை. இரண்டாம் வகை, செயலை விலக்குவது: 'கத்தாதே', 'சத்தம் போடாதே', 'சத்தங்காட்டாதே', 'தொணதொணன்னு பேசாதே'. மூன்றாம் வகை, உறுப்பைச் சுட்டுவது: 'வாயை மூடு', 'வாயைப் பொத்து', 'மூச்சு விடக்கூடாது'. நான்காம் வகை, ஆளையே சுட்டுவது: 'அடங்கு', 'உனக்கு வாய் நீளம்'. ஐந்தாம் வகை, ஏவல் வடிவமே இல்லாதது: 'தாத்தா தூங்குறாங்க', 'அப்பாவுக்குத் தலை வலிக்குது', 'சாமி கும்பிடுறாங்க பாரு'. இவற்றோடு, உதட்டின்மேல் விரல் வைத்து 'உஸ்' எனும் ஒலிக்குறிப்பையும் சேர்த்துக்கொள்ளலாம்.

மேற்போக்காக நோக்கின், இவ்வரிசை இன்சொல்லில் தொடங்கி வன்சொல்லில் ஏறி, ஐந்தாம் வகையில் மீண்டும் மென்மையுற்றுத் தோன்றும். ஆயின் வழக்கு இத்துணை எளிதன்று. 'சும்மா இரு' என்பதை ஒரு தாய் 'செத்த நேரம் சும்மா இருப்பா' என்று கூறின் அது வேண்டுகோள். 'சும்மா இருக்க மாட்டே?' என்று கூறின் அடி விழுவதற்கு முன்னைய எச்சரிக்கை. 'தாத்தா தூங்குறாங்க' என்னும் செய்தித்தொடர், பற்களுக்கிடையே கூறப்படின் 'வாயை மூடு' என்பதனினும் கொடிதாதல் உண்டு. மறுபுறம், 'அட வாய மூடுடா என் ராசா' எனச் சிரித்துக்கொண்டே அணைக்கும் பாட்டியின் வாயில் உறுப்பைச் சுட்டும் வன்சொல் கொஞ்சு மொழியாகிறது. எனவே சொல்லை மட்டும் வைத்து இன்மையும் வன்மையும் துணிதல் இயலாது.

இத்தொகுதியில் மற்றொரு வியப்பும் உண்டு. இல்லத்தில் பிள்ளையை நிறுத்தப் பயன்படும் இரு சொற்கள் நூல்வழக்கில் மிக உயர்ந்த நிலையைக் குறிப்பன. 'சும்மா இருத்தல்' அருணகிரிநாதர்க்கும் தாயுமானவர்க்கும் ஞானத்தின் முடிந்த நிலை. 'அடங்குதல்' வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்த அறம். பேரின்ப நிலையைக் குறிக்கும் சொல் அடுக்களையில் மென்மையான ஏவலாக நிற்க, அறத்தைக் குறிக்கும் சொல் 'அடங்குடா' எனக் கடுமையான ஏவலாக நிற்பது ஏன்? அடங்குதல் தன்வினை, அகத்திலிருந்து ஒருவன் தானே மேற்கொள்ள வேண்டுவது. அதனைப் புறத்திலிருந்து ஏவும்போது சொல் தன்வினை வடிவில் நின்றும் பொருள் 'நான் உன்னை அடக்குகிறேன்' எனப் பிறவினையாய் விடுகிறது. 'இரு' என்பதோ பிள்ளைக்கு ஓர் இடம் தருகிறது. என் அருகில் இரு, இங்கேயே இரு என்னும் பொருள் அதனுள் உண்டு. இச்சிறு வேறுபாடே நம் ஆராய்ச்சிக்குத் திறவுகோல்.

2. இலக்கண நோக்கு

கேட்போர், கொடுப்போர் இவர்தம் நிலைவேற்றுமை சொல்லில் புலப்படும் என்பதைத் தொல்காப்பியர் நன்குணர்ந்தவர். 'ஈ', 'தா', 'கொடு' என்னும் மூன்றும் இரத்தற்பொருளனவே எனினும், முறையே இழிந்தோன், ஒப்போன், உயர்ந்தோன் ஆகியோர் கூற்றாக வரும் என எச்சவியலில் வரையறுத்தார். ஒரு பொருளைக் கேட்கும் சொல்லுக்கு இத்துணை நுட்பம் கண்ட ஆசிரியர், பேசாமையைக் கேட்கும் சொல்லுக்கு இலக்கணம் கூறினாரல்லர். எனினும் அவர் வகுத்த நெறியிலேயே நாம் சில முடிபுகளைப் பெறலாம்.

முதலாவது, பிள்ளையை அமர்த்தும் மொழியில் நிலைவேற்றுமை தலைகீழாதல் காண்கிறோம். உயர்ந்தோராகிய பெற்றோர் இழிந்தோர் போல நின்று இரக்கின்றனர். மதுரை வட்டாரத்தில் ஆண்மகவை 'ஐயா', 'சாமி', 'அப்பா' என்றும், பெண்மகவை 'ஆத்தா', 'அம்மா', 'தாயி' என்றும் அழைத்தல் இயல்பு. மூத்தோர் பெயரைப் பேரப்பிள்ளைக்கு இடும் வழக்கம் இதற்கு ஒரு காரணம். பெயரன் என்னும் சொல்லே அதற்குச் சான்று. தன் தந்தையின் பெயரைத் தாங்கிய மகனை ஒருவன் 'என்னப் பெத்த ஐயா, கொஞ்சம் சும்மா இருங்க' என்னும்போது, இலக்கணப்படி ஏவல், உணர்வால் விண்ணப்பம்.

இரண்டாவது, ஒருவரைப் பன்மையாற் கூறல் வழக்கினால் வந்த உயர்சொல்லேயன்றி இலக்கண நெறியாயதன்று எனத் தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் தெளிவித்தார். அத்தெளிவு ஈண்டு மிகவும் பயன்படுகிறது. 'ஐயா கொஞ்சம் வாயை மூடுறீங்களா?' என்று சினத்தோடு மகனைக் கேட்கும் தந்தையின் தொடரில் உயர்சொல் உண்டு. பன்மை ஈறு உண்டு. வினா வடிவும் உண்டு. பணிவின் வடிவங்கள் எல்லாம் உள; பணிவு ஒன்றே இல்லை. வடிவம் வழக்கைச் சார்ந்தது, வழக்கு உள்ளத்தைச் சார்ந்தது என்பது பெறப்படும்.

மூன்றாவது, 'கொடு' என்னும் சொல் பற்றிய விதியின் தொடர்ச்சியாகத் தொல்காப்பியர் தன்னைப் பிறன்போற் கூறும் குறிப்பு ஒன்றைச் சுட்டுகின்றார். பெற்றோர் பேச்சில் இக்குறிப்பு இன்றும் உயிரோடுள்ளது. 'எனக்குத் தலை வலிக்கிறது' என்று கூறவேண்டிய தந்தை 'அப்பாவுக்குத் தலை வலிக்குதுல்ல' என்கிறான். 'நான் சொல்கிறேன்' என்னாது 'அம்மா சொன்னாக் கேக்கணும்' என்கிறாள் தாய். தன்மையைப் படர்க்கையாக்குவதால் ஏவுவோனும் ஏவப்படுவோனும் எதிரெதிர் நில்லாது, இருவரும் சேர்ந்து மூன்றாமவர் ஒருவரின் துன்பத்தை நோக்குவது போன்ற நிலை பிறக்கிறது. ஐந்தாம் வகை மொழிகளின் இனிமைக்கு அடிப்படை இதுவே.

ஔவையார் பெயரால் வழங்கும் ஆத்திசூடியையும் ஈண்டு நினைத்தல் தகும். தமிழ்ச் சிறார் பல தலைமுறையாக முதற்கண் கற்ற நூல் அது. 'ஏல்' ஈற்று எதிர்மறை ஏவல்கள் அதில் நிறைந்துள்ளன. பேச்சைப் பற்றிய விலக்குகளும் பல. ஆயினும் அவை யாவும் பேசும் முறையைத் திருத்துவன. பேச்சையே நிறுத்துவன அல்ல. சிறுவனை நோக்கி இவ்வாறு பேசாதே எனப் பலகாற் கூறிய அந்நூல், வாயை மூடு என ஓரிடத்தும் கூறவில்லை. கற்பிக்கும் நூல் செய்யாததை வளர்க்கும் வீடு செய்கிறது.

அண்மைக்கால மொழியியலார் இத்துறையில் கூறியதும் அறியத்தக்கது. பெனிலோப்பி பிரௌன், ஸ்டீவன் லெவின்சன் ஆகிய இருவர் 1978-இல் வெளியிட்டு 1987-இல் தனி நூலாக்கிய பணிமொழிக் கோட்பாடு, உலகமொழிகளுக்குப் பொதுவான இலக்கணமாக முன்வைக்கப்பட்டது. அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட மூன்று முதன்மை மொழிகளுள் ஒன்று கோயம்புத்தூர்ப் பகுதிச் சிற்றூரில் பேசப்பட்ட தமிழாகும். ஒவ்வொருவரும் தம் 'முகம்' கெடாதவாறு காக்க விரும்புவர் என்பதும், பேசுவோர்க்கிடையே உள்ள அதிகாரம், தொலைவு, வேண்டப்படும் செயலின் பளு ஆகியவற்றுக்கேற்பப் பணிமொழி கூடியும் குறைந்தும் வரும் என்பதும் அவர்தம் கொள்கை. முகம் கொடுத்துப் பேசுதல், முகம் சுளித்தல், முகத்தில் அடித்தாற்போற் கூறல் என்றெல்லாம் வழங்கும் நமக்கு இக்கொள்கை புதிதன்று. ஆயின் அவர்கள் கூறும் கணக்கின்படி, அதிகாரம் மிக்க பெற்றோர் பிள்ளையிடம் பணிய வேண்டுவதில்லை. 'சாமி', 'ஆத்தா' என இரந்து நிற்கும் நம் பெற்றோரின் வழக்கை அக்கணக்கு முழுதும் விளக்கவில்லை. விளக்கம் வேறிடத்தில் தேடற்பாலது. அவ்விடம் புறநானூறு என்பது எம் கருத்து.

3. புறநானூற்றுத் தாய்

பிள்ளையை அமர்த்த முயலும் தாயொருத்தியைத் தமிழிலக்கியம் மிகப் பழங்காலத்திலேயே காட்டியுள்ளது. புறநானூற்று 160-ஆம் பாட்டு பெருஞ்சித்திரனார் வள்ளல் குமணனைப் பாடியது. புலவர் வீட்டில் உணவில்லை. குடுமித் தலையையுடைய சிறுவன் பாலற்ற முலையைச் சுவைத்துப் பார்க்கிறான், கூழோ சோறோ இருக்கும் எனக் கலங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கிறான், யாவும் வெறுங்கலம், அழுகிறான். தாய் அவனை அமர்த்த மூன்று வழிகளை நாடுகிறாள். புலி வருகிறது என்கிறாள். திங்களைக் காட்டுகிறாள். இரண்டும் பயன்படாதுபோகவே நொந்து, உன் தந்தையை நினைத்து நீ வெறுத்த முகக்குறிப்பைக் காட்டு எனப் பலவாறு வினவுகிறாள்.

இப்பாட்டை வறுமைச் சித்திரம் எனப் பாராட்டிச் செல்லுதலே உரைமரபு. அது மெய்யே. எனினும் அம்மூன்று வழிகளின் வரிசையிலேயே புலவரின் நுண்ணறிவு பொதிந்துள்ளது. அவ்வரிசையை நம் நாளைய வழக்கோடு ஒப்பிடின், ஒவ்வொன்றும் இன்றும் உயிரோடிருத்தல் புலனாகும்.

புலியைக் கூறியது அச்சம். இன்று புலியின் இடத்தில் பூச்சாண்டி நிற்கிறான். பெரியாழ்வார் திருமொழியில் கண்ணன் அப்பூச்சி காட்டும் விளையாட்டு வருவதை ஓர்க. ஆண்டு அச்சுறுத்துபவன் பிள்ளை, அஞ்சுவோர் பெரியோர். ஈண்டோ அச்சம் பிள்ளையின் அழுகையை விழுங்குமாறு ஏவப்படுகிறது. ஒலி நிற்கலாம், அழுகைக்குரிய காரணம் நிற்காது.

திங்களைக் காட்டியது மடைமாற்றம். அழும் பிள்ளையை இடுப்பில் ஏற்றி முற்றத்திற்குக் கொணர்ந்து நிலாவைக் காட்டாத தாய் தமிழகத்தில் உண்டோ? இதில் அச்சம் இல்லை. ஆயினும் பிள்ளை கூறவந்ததைக் கேட்டலும் இல்லை. பிள்ளை கலத்தைச் சுட்டுகிறான். தாய் வானத்தைச் சுட்டுகிறாள்.

மூன்றாவது வழியே நம் கவனத்திற்குரியது. தந்தையை நினைத்து எப்படி வெறுப்பாய், காட்டு என்னும்போது, தாய் அழுகையை நிறுத்தச் சொல்லவில்லை. அதற்கு மாறாக, அவ்வழுகைக்குள் இருந்த முறையீட்டை வெளியிடச் சொல்கிறாள். உணவு கொணராத தந்தை மீது சினம் கொள்ள மகனுக்கு உரிமை உண்டு என்பதை ஏற்றுக்கொள்கிறாள். முகத்தைக் காத்தலே பணிமொழி எனின், பிள்ளையின் முகத்தையே காட்டுமாறு வேண்டும் இத்தாய் அக்கோட்பாட்டின் முடிமணி ஆவாள். வாயை மூடு என்பதன் நேரெதிர் இது. ஆயினும் நோக்கம் அமர்த்தலே.

இம்மூன்றாம் வழி புறநானூற்றோடு முடிந்ததன்று. நாட்டுப்புறத் தாலாட்டுகளில் தாய், அழும் பிள்ளையை நோக்கி அடித்தவர் யார் என வினவுவது பெருவழக்கு. மாமன் அடித்தானோ, அத்தை அடித்தாளோ, பாட்டி அடித்தாளோ என உறவினரை ஒவ்வொருவராகக் கூண்டிலேற்றி விசாரிக்கும் அப்பாடல்கள், பெருஞ்சித்திரனார் காட்டிய பலவாறு வினவும் தாயின் குரலே என்பது எம் துணிபு. தாலாட்டு உறங்கச் செய்யும் பாட்டு. எனினும் உறங்கு என ஏவும் முன், யார் தீங்கிழைத்தார் கூறு எனக் கேட்கிறது. குறையைக் கேட்டபின் அமர்த்துகிறது.

இப்பாட்டை 164-ஆம் பாட்டோடு ஒப்பிடுதல் மேலும் தெளிவு தரும். பெருந்தலைச் சாத்தனார் குமணனைப் பாடியது அது. அங்கும் பாலற்ற முலை. சுவைக்குந்தோறும் அழும் மகவு. ஆயின் அங்குத் தாய் ஒரு சொல்லும் கூறவில்லை. மகவின் முகத்தை நோக்குகிறாள். அவள் கண்களில் நீர் நிறைகிறது. அவள் துயரைப் புலவர் நோக்குகிறார். அமர்த்தும் சொல்லே தீர்ந்துபோன நிலை அது. 160-ஆம் பாட்டின் தாய்க்கு நம்பிக்கை சிறிது உள்ளது. ஆதலால் அவளிடம் மூன்று வழிகள் உள்ளன. 164-ஆம் பாட்டின் தாய்க்கு எதுவும் இல்லை. எனவே அவளே வாய்மூடினாள். இரு பாட்டையும் வறுமைப்பாட்டு என ஒரே கூடையில் இடுவோர் இவ்வேறுபாட்டை இழக்கின்றனர்.

இன்னொன்றும் கூறற்பாலது. வீட்டில் அமர்த்த முடியாத அவ்வழுகையைப் புலவர் குமணன் அவைக்கே கொண்டு செல்கிறார். தாய் கேட்ட முறையீட்டைத் தந்தை பாட்டாக்குகிறார். சிறுவனின் ஒலி அடக்கப்படாமையால் அன்றோ அப்பாட்டு நமக்குக் கிடைத்தது! அடக்கியிருந்தால் ஓர் அழுகை நின்றிருக்கும். ஓர் இலக்கியமும் நின்றிருக்கும்.

4. நால்வகை உபாயம்

அம்புலிப் பருவம் பாடுவோர் சாமம், தானம், பேதம், தண்டம் என்னும் நான்கு உபாயங்களும் அமையப் பாடுவது மரபு. திங்களை விளையாட வருமாறு அழைக்கும் செவிலி, முதலில் ஒப்புமை கூறிப் புகழ்வாள். பின்னர் வேற்றுமை காட்டுவாள். வந்தால் பெறும் பயன் உரைப்பாள். வாராவிடின் நேரும் ஒறுப்பைக் கூறி அச்சுறுத்துவாள். புறநானூற்றுத் தாய் அழும் மகனுக்குக் காட்டிய அதே திங்கள் இது. இடையில் நிகழ்ந்த மாற்றம் பெரிது. புறநானூற்றில் பசித்த பிள்ளைக்குத் திங்கள் மாற்றுப்பொருள். பிள்ளைத்தமிழில் நிறைந்த இல்லத்துப் பிள்ளைக்குத் திங்கள் விளையாட்டுத் துணை. அங்கு அச்சுறுத்தப்பட்டவன் பிள்ளை. இங்கு அச்சுறுத்தப்படுவது திங்கள்.

இந்நான்கு உபாயங்களையும் நம் வீட்டு வழக்கின்மேல் வைத்து நோக்குவோம். 'என் தங்கம்ல, சாமில்ல, செத்த நேரம் சும்மா இரு' என்பது சாமம். 'பேசாம இருந்தா கடலை மிட்டாய் வாங்கித் தாரேன்' என்பது தானம். 'அந்தப் பிள்ளை எப்படி அமைதியா இருக்கு பாரு' என்பது பேதம். 'இப்ப வாயை மூடுறியா, அடி வேணுமா' என்பது தண்டம். சொற்களை நாம் முன்னர் வகுத்த ஐவகையினும் இப்பகுப்பு உயிருள்ளது. ஏனெனில் இது சொல்லின் வடிவை நோக்காது, சொல்வோர் கையில் உள்ள பொருளை நோக்குகிறது.

இப்பகுப்பைக் கொண்டு புறநானூற்றுத் தாயை மீண்டும் நோக்கின் ஓர் உண்மை வெளிப்படும். புலி என்றது தண்டத்தின்பாற் படும். முகத்தைக் காட்டு என்றது சாமத்தின்பாற் படும். திங்களைக் காட்டியது தானத்தைப் போன்ற ஒன்றேயன்றித் தானமன்று. கொடுக்க அவளிடம் ஒன்றும் இல்லை. பிள்ளை கேட்டது சோறு. அது ஒன்றே இல்லை. தானம் இல்லாத இடத்தில் ஏனை உபாயங்கள் தாங்கொணாச் சுமையைத் தாங்க வேண்டியுள்ளது. வன்சொல் கூறும் பெற்றோரைப் பண்பற்றோர் எனப் பழிக்குமுன், அவர்கள் கையில் இனிப்பு உண்டா, நேரம் உண்டா, உறங்க ஓர் அறை உண்டா என வினவுதல் திறனாய்வாளன் கடமை. நாற்று நட்டுத் திரும்பி அடுப்பு மூட்டும் தாய் 'வாயை மூடு' என்பதற்கும், பஞ்சணையில் அமர்ந்து நாளிதழ் படிப்போர் அதனையே கூறுவதற்கும் சொல் ஒன்று, பொருள் வேறு. 'வாயை மூடு' என்பதைக் கொச்சை என ஒதுக்கி, 'அமைதியாக இரு' என்பதைச் செம்மை எனப் போற்றும் நம் வகுப்பறைப் பழக்கம் இவ்வேறுபாட்டைக் காண விடுவதில்லை.

எனினும் வறுமையால் மட்டும் வன்சொல் வந்ததன்று. 'வாயைப் பொத்து' என்னும் மொழியை ஆராய்க. உயர்ந்தோர் முன் தாழ்ந்தோர் கைகட்டி வாய்பொத்தி நிற்க வேண்டும் என்பது நெடுங்காலம் இந்நாட்டில் விதிக்கப்பட்ட நிலை. களத்திலும் வாயிலிலும் பெரியோர் நிற்க வேண்டியிருந்த அந்நிலையே வீட்டில் பிள்ளைக்கு ஏவலாக இறங்கியது. தனக்கு விதிக்கப்பட்ட பேசாமையை ஒருவன் தன் மகனுக்கு விதிக்கிறான். அதுபோன்றே பெண்மகவின் வாய் மீது காவல் மிகுதி. 'பொம்பளப் பிள்ளைக்கு என்ன இவ்வளவு சத்தம்' என்பது சிறுவனை நோக்கி வாராத மொழி. பிள்ளைத்தமிழிலும் சிறுபறை கொட்டும் பருவம் ஆண்பாற்கே உரியது. பெண்பாற்கு அம்மானை, நீராடல், ஊசல். ஒலி எழுப்பும் உரிமையை இலக்கியமும் ஒரு பாற்கே வைத்தது என்பதை மறைத்தல் ஆகாது. இவ்வகை அடக்கலுக்குச் 'சாமி', 'ஆத்தா' என எத்துணை உயர்சொல் சேர்ப்பினும் இன்சொல் ஆகாது.

5. வாதவூரின் விடை

இனித் திருவாதவூருக்கு மீள்வோம். கடவுள் மாமுனிவர் இயற்றிய திருவாதவூரர் புராணம் மாணிக்கவாசகர் வரலாற்றில் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறது. தில்லைக்கு வந்த ஈழநாட்டு மன்னனுக்குப் பேசாத மகள் ஒருத்தி இருந்தாள். வாதில் எதிர்த்தோர் நா கட்டுண்டு வாய்பேசாராகினர். பேசாத பெண் வாய்திறந்து அவர்தம் வினாக்களுக்கு விடை கூறினாள். அவ்வினா விடையே திருச்சாழல் என்பது மரபு. இதன் வரலாற்று உண்மை பற்றியும் சமயவாதம் பற்றியும் ஈண்டு வாதிக்கப் புகவில்லை. புராண ஆசிரியர் கற்பனையில் வைத்த ஓர் எதிர்நிலையே நமக்கு வேண்டுவது: பெரியோர் வாய் மூட, ஒரு பிள்ளையின் வாய் திறக்கிறது. மகளைப் பேசாதிருக்கச் சொல்லும் பெற்றோர்க்கு, அவள் ஒரு சொல் பேசாளோ என ஏங்கிய அத்தந்தையை அக்கதை நினைவூட்டுகிறது. மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் பாடிய குமரகுருபரரும் ஐந்து அகவை வரை பேசாதிருந்தவர் என்பர். பேச்சின் அருமையை அறிந்தோர் அது இல்லாத வீட்டில் வாழ்ந்தோரே.

திருவாசகத்திற்கு வருவோம். அழுகையே இறைவனைப் பெறும் வழி என்பது திருச்சதகத்தில் வாதவூரர் கண்ட முடிபு. பிடித்த பத்தில் இறைவனுக்கு அவர் ஒப்பாகக் கொண்டவள், மகவு கேட்பதற்கு முன்பே அதன் பசியை நினைந்து ஊட்டும் தாய். இவ்விரண்டையும் இணைத்து நோக்குக. முன்னையது, அழுகையை அடக்க வேண்டுவதில்லை, அதனைக் கேட்டலே வேண்டும் என்கிறது. பின்னையது, அழுகை எழுமுன் தானம் நிகழ்ந்தால் அமர்த்தும் சொல்லுக்கே இடமில்லை என்கிறது. அழுத பிள்ளை பால் குடிக்கும் என்னும் நம் பழமொழி முன்னையதன் வீட்டு வடிவம். புறநானூற்றுத் தாய்க்கு வாய்க்காத தானத்தை வாதவூரர் தம் இறைவனுக்கு உரியதாக்கினார். பசித்த சிறுவனின் அழுகையும் பக்தனின் அழுகையும் ஒன்றல்ல. எனினும் அழுவோனை வாய் மூடச் சொல்லாத ஒருவரை நாடும் ஏக்கம் இரண்டிற்கும் பொது.

6. முடிபு

இதுகாறும் கூறியவாற்றால் பெறப்படுவன இவை. பிள்ளையைப் பேசாதிருக்கச் சொல்லும் மொழிகளின் இன்மையும் வன்மையும் சொல்லின் வடிவிலோ பன்மை ஈற்றிலோ உயர்சொல்லிலோ இல்லை. அம்மொழி பிள்ளையின் பேச்சை என்ன செய்கிறது என்பதில் உள்ளது. பேச்சைத் துணிக்கும் மொழி அடக்கல்; பேச்சுக்குள் இருந்த குறையைக் கேட்டுப் பின் ஓய்வு தரும் மொழி அமர்த்தல். 'சும்மா இரு' என்பதும் அடக்கலாகலாம். 'வாய மூடுடா என் ராசா' என்பதும் அமர்த்தலாகலாம். தமிழில் இவ்வேறுபாட்டை முதன்முதல் கண்டு காட்டியவர் பெருஞ்சித்திரனார். தாலாட்டு பாடிய பெயர் தெரியாத் தாயர் அதனைக் காத்து வந்தனர்.

முதுகலை பயிலும் மாணவர் வட்டார வழக்குச் சொற்களைத் தொகுக்கும்போது, இத்தகு மொழிகளைக் கொச்சை என விலக்காது, யார் கூறினார், யாரிடம் கூறினார், அப்போது அடுப்பில் என்ன இருந்தது என்பவற்றையும் சேர்த்துக் குறித்தல் வேண்டும். வெறுங்கலங்களைக் குறிக்காதிருந்தால் புறநானூற்றுச் சிறுவன் வெறும் அடம்பிடிக்கும் பிள்ளையாகவே நமக்குத் தோன்றியிருப்பான். அவன் தாயும் புலி காட்டி மிரட்டும் தாயாகவே நின்றிருப்பாள்.